வெந்நீரும் இரண்டு கைகளும்

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊரில் பிள்ளை பெற்று வீடு திரும்பியவளைப் பார்க்க வரும் பெண்கள் முதலில் குழந்தையின் எடையைக் கேட்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எத்தனை தையல்?" என்பார்கள். தையல் உண்டா என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். ஆபரேஷன் இல்லாமல் பிறந்தால் சுகப்பிரசவம், சுகப்பிரசவம் என்றால் கீழே தையல் இருக்கும் என்பது மழை பெய்தால் சேறு இருக்கும் என்பதுபோல ஆகிவிட்டது. அது தானாகக் கிழிந்ததா, கத்தரியால் வெட்டினார்களா, எவ்வளவு ஆழம், தவிர்த்திருக்க முடியுமா என்றெல்லாம் கேட்பவர் இல்லை. இந்த அத்தியாயம் அந்தக் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு கிழிசல்களை முழுக்கத் தவிர்ப்பது நடக்காத காரியம். ஆனால் ஆசனவாய்த் தசைவரை போகும் பெரிய கிழிசல்களில் கணிசமானவற்றைத் தவிர்க்க முடியும். அதில் தாயின் உடம்பு வாகுக்கு உள்ள பங்கைவிட, கத்தரிக்கோலுக்கு உள்ள பங்கைவிட, குழந்தையின் தலை வெளிவரும் கடைசிச் சில நிமிடங்களின் வேகத்துக்கு உள்ள பங்கு பெரிது.

பிறப்புவாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. மருத்துவர்கள் அதைப் பெரினியம் என்பார்கள். அன்றாடத் தமிழில் அதற்குப் பேரில்லை. 'கீழே', 'அடியில்' என்று சமாளிக்கிறோம். சித்தர் மரபு கூச்சப்படவில்லை. எருவாய், கருவாய் என்று இரண்டையும் பேர் சொல்லி, மூலாதாரத்தையே அவற்றுக்கு நடுவில் வைத்தது. பேரில்லாத இடத்தில் காயம் பட்டால் புகார் சொல்லவும் வாய் வராது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். கிழிசலை மருத்துவம் நான்கு படியாகப் பிரிக்கிறது. தோல் மட்டும் கிழிந்தால் முதல் படி. அதன் அடியிலுள்ள தசையும் கிழிந்தால் இரண்டாம் படி. 'தையல் போட்டார்கள்' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆசனவாயை மூடிப் பிடிக்கும் சுருக்குத்தசை அறுந்தால் மூன்றாம் படி. குடலின் உள்சவ்வும் திறந்துகொண்டால் நான்காம் படி. முதல் இரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். மூன்றும் நான்கும் வேறு ரகம். சரியாகத் தைக்காவிட்டால், சில சமயம் சரியாகத் தைத்தாலும்கூட, வாயுவை அடக்க முடியாமை, மலக்கசிவு, கழிப்பறைக்கு ஓடவேண்டிய அவசரம் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகாமல், பேருந்தில் ஏறப் பயந்து, காரணம் சொல்லாமல் வீட்டுக்குள் ஒடுங்கும் பெண்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பிரிட்டன் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி தரும் கணக்குப்படி, அங்கே இயல்பான வழியில் பிரசவிப்பவர்களில் 85 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஒரு காயம் ஏற்படுகிறது. மூன்றாம், நான்காம் படிக் கிழிசல் முதல் பிரசவத்தில் 6.1 சதவீதம், அடுத்தடுத்த பிரசவங்களில் 1.7 சதவீதம்.

முதல் பிரசவத்துக்கும் இரண்டாவதற்கும் ஏன் இத்தனை வித்தியாசம்? ஏற்கெனவே ஒருமுறை விரிந்து கொடுத்த திசு மறுமுறை எளிதாக விரிகிறது. அது எவ்வளவு விரிய வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் கிழிவது ஆச்சரியமாக இருக்காது, கிழியாமலிருப்பதுதான் ஆச்சரியம். குழந்தை தாடையை மார்பில் அழுத்தித் தலையை நன்றாகக் கவிழ்த்து வந்தால் வெளிவர வேண்டிய விட்டம் சுமார் 9.5 செ.மீ. தலை நிமிர்ந்திருந்தாலோ, முகம் தாயின் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்தாலோ அது 11.5 செ.மீ. வரை போகும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2004இல் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு கணக்கிட்டார்கள். இடுப்பின் அடித்தளத்தைத் தாங்கும் தசையின் ஒரு பகுதி தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீள வேண்டும் என்று வந்தது. கை, கால் தசை எதுவும் அந்த அளவு இழுபட்டால் தாங்காது. கர்ப்ப காலத்தில் இந்தத் திசு ஊறி, நெகிழ்ந்து, இழுவைக்குத் தயாராகிறது. ஆனால் அந்த நெகிழ்வு நேரத்தைக் கேட்கும். உயிருள்ள திசுவை மெல்ல இழுத்தால் அதன் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து வழிவிடும். அதே விசையை ஒரே நொடியில் கொடுத்தால் அறும். தறியில் உட்காருபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவு இழை சீராக ஏறும் இழுவையைத் தாங்கும், வெடுக்கென்று விழும் இழுவைக்குத்தான் அறும்.

நெசவூரில் இன்னொரு உவமையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜவுளிக் கடையில் ரவிக்கைத் துணி கொடுப்பவர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போடுவார். அப்புறம் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் 'சர்'ரென்று நேராகக் கிழியும். வெட்டுப் போடாத துணியை அப்படி இழுத்துப் பாருங்கள், லேசில் கிழியாது. பிறப்புவாயை அகலப்படுத்த வழக்கமாகப் போடும் எபிசியோடமி வெட்டுக்கு எதிராகப் பல நாடுகளில் இந்தத் துணி உவமையைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உவமை சான்றாகாது. துணியில் ஊடும் பாவும் உண்டு. தசை அப்படி நெய்யப்பட்டதல்ல. ஆசனவாயை நோக்கி நேராக வெட்டினால் வெட்டு அந்தப் பக்கமாகவே ஓடும் என்பது உண்மை. பக்கவாட்டில் சாய்த்து வெட்டினால் கதை வேறாகலாம். எனவே கத்தரியின் வழக்கை எண்ணிக்கையைக் கொண்டுதான் தீர்க்க வேண்டும்.

டப்ளின் நகரின் ஃபீல்டிங் ஓல்ட் 1742இல் இந்த வெட்டைப் பற்றி எழுதியபோது, தலை வெளிவராமல் சிக்கிக்கொள்ளும் அபூர்வமான பிரசவத்துக்கு மட்டுமே அதைச் சொன்னார். எல்லோருக்கும் வெட்டலாம் என்ற யோசனை 1920இல் சிகாகோவின் ஜோசஃப் டிலீ எழுதிய கட்டுரையால் வலுப்பெற்றது. தாறுமாறாகக் கிழிவதைவிட நேராக வெட்டினால் நன்றாக ஆறும், பெரிய கிழிசல் வராது, பின்னாளில் கருப்பை இறங்காது என்பவை அவர் தரப்பின் காரணங்கள். மூன்றுமே கேட்டதும் சரியென்று தோன்றுபவை. அதனால்தானோ என்னவோ, அறுபது ஆண்டுகள் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1983இல் தாக்கர், பன்டா என்ற இரு அமெரிக்கர்கள் நூற்றாண்டுக்கு மேற்பட்ட மருத்துவ இலக்கியத்தை அலசி, இந்தக் காரணங்களுக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். 1993இல் அர்ஜென்டினாவில் 2,606 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். வழக்கமாக வெட்டிய குழுவில் 83 சதவீதத்தினருக்கும், அவசியமானால் மட்டும் வெட்டிய குழுவில் 30 சதவீதத்தினருக்கும் வெட்டு விழுந்தது. பெரிய கிழிசல் முதல் குழுவில் 1.5 சதவீதம், இரண்டாவதில் 1.2 சதவீதம். கூடுதலாக வெட்டுப்பட்ட பெண்களுக்கு அந்த வெட்டால் ஒரு காப்பும் கிடைக்கவில்லை. அதன்பின் வந்த சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டு காக்ரேன் தொகுப்பும், உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையும் ஒரே திசையில் போகின்றன. வழக்கமாக வெட்டுவது வேண்டாம் என்கின்றன.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. "அர்ஜென்டினா கதை நமக்கெதற்கு? நம் நாட்டுக் கணக்கு என்ன சொல்கிறது?" இந்தியாவின் 18 பெரிய மருத்துவமனைகளில் நடந்த 1,20,243 பிரசவங்களை ஆராய்ந்த கட்டுரை 2016இல் வந்தது. 63.4 சதவீதத்தினருக்கு வெட்டுப் போட்டிருந்தார்கள். பெரிய கிழிசல் இரு தரப்பிலும் ஒரு சதவீதத்துக்குக் கீழேதான், ஆனால் வெட்டுப்படாதவர்களைவிட வெட்டுப்பட்டவர்களிடம் குறைவு. மேலோட்டமாகப் பார்த்தால் கத்தரி காப்பாற்றியது போலிருக்கிறது. போதாததற்கு, வெட்டுப்பட்டவர்களில் முதல் பிரசவக்காரிகளே அதிகம்; கிழியும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடமே கிழிசல் குறைவாக இருக்கிறது என்றால் என் வாதத்துக்கு அது கூடுதல் தலைவலி. ஆனாலும் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இது குலுக்கல் சோதனை அல்ல. வெட்டப்படாதவர்களில், தலை தெரியும் நிலையில் வாசலுக்கு வந்து சேர்ந்து, செவிலியர் கையுறை மாட்டுவதற்குள் பிரசவித்தவர்களும் அடக்கம். அவர்களுக்கு வெட்டவும் நேரமில்லை, தலையைத் தாங்கவும் நேரமில்லை. அந்த அவசரமே வெட்டுப்படாததற்கும் கிழிந்ததற்கும் காரணமாக இருக்கலாம். அடுத்தது, மொத்தமாகவே ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் பெரிய கிழிசல் என்பதை அப்படியே நம்ப முடியவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மூன்றாவது, வெறும் வகுத்தல் கணக்கு. அந்தக் கட்டுரையின் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் வித்தியாசம் 100க்கு ஒன்றுகூட இல்லை. ஒரு பெண்ணைப் பெரிய கிழிசலிலிருந்து காக்க நூற்றுக்கணக்கானவர்களை வெட்ட வேண்டும். வெட்டு என்பதே தசைவரை போகும் காயம், அதாவது இரண்டாம் படிக் கிழிசலுக்குச் சமம். நடக்காமலே போகக்கூடிய காயத்தைத் தடுக்க நிச்சயமான காயத்தை நூற்றுக்கணக்கான பேருக்குச் செய்வதை மருத்துவத்தில் வேறெங்கும் தடுப்புமுறை என்று சொல்ல மாட்டார்கள்.

கத்தரிக்கு இடமே இல்லை என்பதல்ல. குழந்தையின் இதயத்துடிப்பு விழுந்து உடனே வெளியே எடுத்தாக வேண்டும் என்றால் வெட்டத்தான் வேண்டும். ஆயுதம் போட்டு எடுக்கும்போது, குறிப்பாக இடுக்கி என்றால், சாய்வான வெட்டு உதவுகிறது. அப்போதும் சாய்வுதான் முக்கியம். அயர்லாந்தில் 2006இல் வெளியான ஆய்வில், வெட்டு நடுக்கோட்டிலிருந்து 6 பாகை விலகும் ஒவ்வொரு முறையும் மூன்றாம் படிக் கிழிசலின் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. தலை அழுத்தி விரிந்திருக்கும்போது 60 பாகையில் போட்டால்தான், விரிவு அடங்கியபின் அது 45 பாகைக்கு வந்து நிற்கும். கண்மதிப்பாக 'கொஞ்சம் சாய்த்து' போடும் வெட்டு, பிறந்தபின் பார்த்தால் ஆசனவாய்க்கு அருகில் போய் நிற்கும். எல்லோருக்கும் வெட்டுவதைப் பற்றிப் பல பத்தாண்டுகள் சண்டை போட்டோம், வெட்டத்தான் வேண்டுமென்றால் எப்படி வெட்டுவது என்பதில் அந்தக் கவனத்தில் பாதிகூடச் செலுத்தவில்லை.

அடுத்த எதிர்வாதம் இன்னும் பழகியது. "நம்ம பொண்ணுங்களுக்கு உடம்பு வாகு அப்படி, இடம் குறுகல், தானாகவே கிழியும்." மேல்நாட்டு மருத்துவ நூல்களும் இதற்குத் துணை நிற்பதுபோல் தெரியும். பிரிட்டன் ராயல் கல்லூரியின் வழிகாட்டி, ஆசிய இனத்தவர் என்பதை ஆபத்துக் காரணங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்கிறது. ஆனால் 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது விசித்திரமான விஷயம் ஒன்று தெரிந்தது. மேல்நாடுகளில் வாழும் ஆசியப் பெண்களுக்குத்தான் இந்தக் கூடுதல் ஆபத்து, ஆசியாவிலேயே வாழ்ந்து அங்கேயே பிரசவிப்பவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியதும் உடம்பு வாகு மாறிவிடுமா? மாறுவது சூழல். லண்டனில் பிரசவிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு, தலை தெரியும் நேரத்தில் "முக்காதே, வாயைத் திறந்து ஊது" என்று சொல்லும் செவிலியரின் ஆங்கிலம் வலியின் நடுவே எட்டாமல் போகலாம். குழந்தையின் எடை கூடியிருக்கலாம். அங்கே கிழிசலைத் தேடிப் பார்த்துப் பதிகிறார்கள், இங்கே பார்ப்பதில்லை என்பதாகவும் இருக்கலாம். இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். உடம்பு வாகு ஒன்றே காரணம் என்பதை மட்டும் இந்தக் கணக்கோடு பொருத்த முடியவில்லை.

சரி, எதுதான் உதவுகிறது? சொன்னால் சிரிப்பு வரும்: வெந்நீர். ஆஸ்திரேலியாவில் ஹன்னா டாலன் குழுவினர் முதல் பிரசவக்காரிகள் 717 பேரிடம் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். சுத்தமான பஞ்சுத் துணியை வெந்நீரில் நனைத்து, பிழிந்து, தலை அழுத்தத் தொடங்கியதும் அந்த இடத்தில் வைத்துப் பிடிப்பார்கள். வலி ஓயும்போது துணியை மறுபடி நனைப்பார்கள். நீர் ஆறினால் மாற்றுவார்கள். அவ்வளவுதான் சிகிச்சை. தைக்க வேண்டிய கிழிசல்களின் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் மூன்றாம், நான்காம் படிக் கிழிசல் 8.7 சதவீதத்திலிருந்து 4.2 சதவீதமாக இறங்கியது. வலியும் குறைந்தது. 2017ஆம் ஆண்டின் இன்னொரு காக்ரேன் தொகுப்பு இதுபோன்ற சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, வெந்நீர் ஒத்தடம் பெரிய கிழிசலை ஏறக்குறையப் பாதியாக்குகிறது என்றது. வெப்பம் இரத்த ஓட்டத்தைக் கூட்டித் திசுவை இளக்குகிறது. அதைவிட முக்கியமாக, ஒத்தடம் வைக்கும் கை அங்கேயே இருக்கிறது, அந்தக் கைக்குரியவர் கண்ணும் அங்கேயே இருக்கிறது. கை பொறுக்காத சூடு கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தாயிடம் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கைகள். நார்வேயில் 2000களின் தொடக்கத்தில் பெரிய கிழிசல்கள் பெருகிவிட்டதைக் கண்டு, அண்டை நாடான பின்லாந்தில் ஏன் குறைவாக இருக்கிறது என்று பார்த்தார்கள். அங்கே மருத்துவச்சிகள் பழைய கைப்பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள். ஒரு கை குழந்தையின் உச்சந்தலையின் பின்பக்கம் படிந்து, தலை சரேலென்று வராமல் தடுத்து நிறுத்தும். மற்றக் கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் விரியும் தோலை இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்குக் கூட்டித் தரும். மடங்கிய நடுவிரல் வெளியிலிருந்தே குழந்தையின் தாடையைத் தேடிப் பிடிக்கும். தாயிடம், "இப்போ முக்கவேண்டாம், மூச்சை ஊதிவிடுங்க" என்று சொல்லிக்கொண்டே, வலிக்கு வலி கொஞ்சம் கொஞ்சமாக, முடிந்தால் இரண்டு வலிக்கு நடுவில், தலையை வெளியே விடுவார்கள். நார்வேயின் நான்கு மருத்துவமனைகளில் இதைக் கற்றுக்கொடுத்தபின் 40 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரசவங்களில் பெரிய கிழிசல் 4–5 சதவீதத்திலிருந்து 1–2 சதவீதமாகக் குறைந்தது என்று 2010இல் எழுதினார்கள். இதற்கு மறுப்பும் உண்டு. இங்கிலாந்தில் 1998இல் வெளியான 5,471 பெண்களின் குலுக்கல் சோதனையில், கை வைத்துத் தாங்கியதற்கும் கை வைக்காமல் காத்திருந்ததற்கும் பெரிய கிழிசலில் வித்தியாசம் தெரியவில்லை. பின்னாளில் பிரிட்டனில் 16 மருத்துவமனைகளில் இதை உள்ளடக்கிய ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தபோது 3.3 சதவீதம் 3.0 ஆனது, அவ்வளவுதான். நார்வேயின் கணக்கு முன்-பின் ஒப்பீடு. அந்த ஆண்டுகளில் வேறு எதுவும் மாறவில்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டையும் எடைபோட்டு நான் வரும் முடிவு: 'கை வைத்தார்' என்பது ஒரு சிகிச்சையின் பெயரல்ல, அது கைத்திறன். கோர்வை நெய்யத் தெரிந்தவரும் தெரியாதவரும் தறியில் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் எழுதிவைத்தால், புடவையைப் பற்றி அது எதையும் சொல்லாது. நார்வேயில் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தார்கள். எண்கள் சிறிதோ பெரிதோ, தலையை மெல்ல விடுவதால் தீங்கு விளைந்ததாக எந்த ஆய்விலும் தெரியவில்லை.

கர்ப்ப காலத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. 34, 35ஆவது வாரத்திலிருந்து வாரம் ஒன்றிரண்டு முறை, சுத்தமான விரலில் எண்ணெய் தொட்டு, அந்த இடத்தை உட்புறமாக மெல்ல நீவிவிடுவது. நான்கு சோதனைகள், 2,497 பெண்கள். முதல் பிரசவக்காரிகளுக்குத் தையல் போடவேண்டிய காயம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பெரிய பலன் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் அதே வாரங்களில்தான் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருப்பாள். எண்ணெய்க்குக் குறைவிருக்காது, தனிமைக்குத்தான் குறைவு. பனிக்குடம் உடைந்திருந்தாலோ இரத்தப்போக்கோ தொற்றோ இருந்தாலோ கூடவே கூடாது. செவிலியரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது.

படுக்கும் நிலையைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். சான்று அவர்கள் பேசும் அளவுக்குத் தெளிவாக இல்லை. ஸ்வீடனில் 1,13,000 பிரசவங்களைப் பார்த்ததில், காலைத் தூக்கிக் கட்டிய மேசை நிலையில் பெரிய கிழிசல் கூடியது. முதல் பிரசவக்காரிகளுக்கு ஒருக்களித்துப் படுப்பது ஓரளவு காத்தது. குந்தியோ உட்கார்ந்தோ பிரசவிப்பதில் கத்தரி குறைகிறது, ஆனால் இரண்டாம் படிக் கிழிசலும் இரத்தப்போக்கும் சற்றுக் கூடலாம். 'பாட்டி காலத்தில் குந்திப் பெற்றார்கள், ஆட்டுக்கல் ஆட்டினார்கள், ஒருத்திக்கும் கிழியவில்லை' என்பதை நான் நம்பவில்லை. கிழிந்தவர்களை எண்ணியவர் இல்லை. இறந்தவர்களைக்கூட ஒழுங்காக எண்ணவில்லை. இப்போது எண்ணுகிறோம்: 2018–20 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். அந்த எண் இவ்வளவு இறங்கியதில் மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பெரிய பங்குண்டு. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான். எனவே விவாதம் வீடா மருத்துவமனையா என்பதல்ல, பிரசவ அறைக்குள் என்ன நடக்கிறது என்பதே.

"அப்படியானால் ஆபரேஷனே செய்துகொள்ளலாமே, கீழே ஒன்றும் ஆகாதே?" இந்த முணுமுணுப்பு ஊருக்குள் கேட்காமலில்லை. அதே தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இதில் எத்தனை பேர் கீழ்க்கிழிசலுக்குப் பயந்தவர்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் மேசையில் கிடத்தி, நாலு பேர் "முக்கு, முக்கு" என்று கத்தி, ஒருவர் வயிற்றின் மேல்பக்கத்தை அமுக்கி, வெட்டி, மரக்காத இடத்தில் தைத்த அனுபவம் அக்காவுக்கு இருந்தால் தங்கை ஆபரேஷனைக் கேட்பதில் என்ன வியப்பு? அந்த அமுக்கலை உலக சுகாதார நிறுவனம் கூடாது என்கிறது. சிசேரியன் அடிவயிற்றில் பல அடுக்குகளை வெட்டுகிறது. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் வேர்விட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கீழே சில சென்டிமீட்டரைக் காப்பதற்கு மேலே அதைவிடப் பெரிய காயம். சுகப்பிரசவத்தைச் சுகமாக நடத்தாத வரை இதைச் சொல்லிப் பெண்களைத் திருப்ப முடியாது.

கடைசியாக, பிரசவம் பார்ப்பவர்களின் எதிர்வாதம். "ராத்திரி ரெண்டு மணிக்கு 108இல் வந்து இறங்குகிறாள், நான் ஒருத்தி, பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி. இதில் துணி நனைத்து ஒத்தடம் வைக்கவா?" இதில் உண்மை இருக்கிறது. ஆனால் கணக்கைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும். வெட்டுவதற்கு அரை நிமிடம் போதும். மரப்பு ஊசி போட்டு, அடுக்கடுக்காகத் தைத்து, இரத்தம் நிற்கிறதா என்று பார்க்க அரைமணி ஆகும். மிச்சப்படுத்தியதாக நினைக்கும் நேரம் தையலில் போய்விடுகிறது. உதவிக்கு ஆளும் உண்டு. தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் 2004இலேயே வந்துவிட்டது. வெந்நீர்க் குவளையைப் பிடிக்க, "ஊதும்மா, ஊது" என்று காதருகே சொல்ல அம்மாவோ அத்தையோ போதும். பிரசவ அறைகளின் தரத்துக்கான லக்ஷ்யா திட்டம் 2017 டிசம்பரில் தொடங்கியது. மருத்துவச்சிப் பணிக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களை உருவாக்கும் வழிகாட்டியை மத்திய அரசு 2018இல் வெளியிட்டது. எழும்பூரில் 1844இலேயே மகப்பேறு மருத்துவமனை கண்ட மாநிலம் நாம், ஆ. லட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேற்று நூலை இந்தியா முழுவதும் மாணவர்கள் படித்தார்கள். கைப்பயிற்சி நமக்கு எட்டாத விஷயமல்ல.

மேலே தள்ளிவைத்த சந்தேகத்துக்கு, இந்திய மருத்துவமனைகளின் அந்தக் குறைந்த கணக்குக்கு, வருகிறேன். இங்கிலாந்தில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், இயல்பாகப் பிரசவித்த 241 பெண்களை, வழக்கமாகப் பார்ப்பவர் பார்த்து முடித்ததும் பயிற்சி பெற்ற இன்னொருவர் மீண்டும் பரிசோதித்தார். சுருக்குத்தசைக் கிழிசல் 11 சதவீதம் என்று இருந்தது 24.5 சதவீதமாயிற்று. பாதிக்கு மேல் கண்ணில் படாமலே மேல்தோல் தைக்கப்பட்டிருக்கும். தவறியது ஒரே ஒரு சோதனை: தைப்பதற்குமுன் ஆசனவாய்க்குள் விரலை விட்டு, பெருவிரலும் ஆள்காட்டி விரலுமாகத் தசையைச் சுற்றிலும் உருட்டிப் பார்ப்பது. முழுசாக இருந்தால் கயிறுபோலத் தட்டும், அறுந்திருந்தால் நடுவில் பள்ளம் தெரியும். அதைச் செய்யாத அறையின் பதிவேட்டில் பெரிய கிழிசல் அபூர்வம் என்றுதான் வரும். வீட்டுக்கு வந்தபின் பத்தியச் சாப்பாடு என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைத்து, மலம் இறுகி, முக்கி முக்கித் தையலை இழுத்துக்கொள்பவர்கள் வேறு. குழந்தையை எடை பார்க்க வரும் கிராம சுகாதாரச் செவிலியர் காய்ச்சல் உண்டா, உதிரப்போக்கு எப்படி, பால் சுரக்கிறதா என்று கேட்கிறார். கூடவே இன்னொன்றையும் கேட்கலாம், மாமியாரைக் கொஞ்சம் வெந்நீர் வைக்க அடுப்படிக்கு அனுப்பிவிட்டு: "காத்துப் பிரியறதை அடக்க முடியுதாம்மா?"